சொட்டு அண்ணனின் டிஸ்க் பிரேக்

சித்தூரிலிருந்து திருப்பதி வரை வீடு வீடாகப் போய்த் தேடினாலும், சொட்டு அண்ணனைப் போலத் தன் கைவேலையை நம்பிய ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. அவ்வளவு நம்பக்கூடாத கைவேலையையும் பார்க்க முடியாது.

‘சொட்டு’ என்றதும் வழுக்கைத் தலை என்று நினைத்துவிடாதீர்கள். மனிதருக்கு முடி காடு மாதிரி. பெயர் வந்தது அவருடைய ஜீப்பால். திருப்பதியில் எங்கள் தெருவில், என் வாசலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு வருஷம் முழுக்க பிரேக் ஆயில் சொட்டிய ஜீப்.

பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரரிடம் அதை வாங்கினார். வாங்கியபோது ஓடியது, மிதித்தால் நின்றது, ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா பா இது, தாத்தா காலத்து டிரம் பிரேக்கு? டிஸ்க் போடப் போறேன்” என்று முன் சக்கரம் இரண்டையும் பிரித்துப் போட்டார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை மாட்டினார். ஆயில் கொண்டுவரும் ஹோஸ் அந்தக் காலிப்பரில் சேருகிற இடத்தில் அன்றைக்கே ஆரம்பித்தது ஒழுகல்.

சங்கதி சின்னது. ஹோஸ் முனையில் வளையம் மாதிரி ஒரு கண் இருக்கும். அதன் வழியாக போல்ட்டை விட்டுக் காலிப்பரில் முறுக்க வேண்டும். கண்ணுக்கு இந்தப் பக்கம் ஒரு செம்பு வாஷர், அந்தப் பக்கம் ஒன்று. அவை நசுங்கித்தான் ஆயிலை அடைக்கும். ஒருமுறை கழற்றினால் புதுசு போட வேண்டும். காலேஜ் ஆபீஸில் குப்பை கொட்டும் எனக்கே போனில் வீடியோ பார்த்துப் புரிந்த விஷயம். சொன்னேன்.

“வாஷர் விக்கிறவன் கட்டிவுட்ட கதை நைனா அது” என்றார்.

பழைய வாஷரையே உப்புத்தாளில் தேய்த்துப் போட்டார். ஒழுகியது. குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை போல்ட்டில் சுற்றினார். ஒழுகியது. ஸ்பேனரில் நீள இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று முறுக்கினார். போல்ட் கழுத்தோடு முறிந்தது.

“பாத்தியா? எவ்ளோ மட்டமான போல்ட்டு!”

இதில் கொடுமை என்னவென்றால், அவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். அடுத்தவர் செய்த பொருளை வெளிச்சத்தில் காட்டி, மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் ‘ரிஜெக்ட்’ என்று தூக்கிப் போடுவதுதான் உத்தியோகம். அந்தக் கழுகுக் கண்ணை கம்பெனி கேட்டிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார் போலிருக்கிறது.

ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற, யாராவது பிரேக் பெடலை மிதிக்க வேண்டும். அந்த யாராவது நான்.

“மிதி... மிதி... புடி! உட்றாதே!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மிதித்த மிதியில் ஆயில் பீச்சியடித்து, என் புது ஸ்கூட்டரை அபிஷேகம் செய்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். மறுநாள் ஸ்கூட்டர் சட்டை உரிக்கிற பாம்பு மாதிரி நின்றது. அண்ணன் வந்து பார்த்து, “பெயிண்டே சரியில்ல பா, ரிஜெக்ட் பீஸை உன் தலையில கட்டிட்டான்” என்றார்.

அவர் மனைவி ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார்: “மொதல்ல உங்க வாய்க்கு ஒரு வாஷரு போடுங்க!”

இப்படியிருக்கையில் பாலசமுத்திரத்தில் அவருடைய தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். “டிஸ்க் பிரேக் போட்ட ஜீப்லதான் வருவேன்” என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டார். “தம்பி வந்தா நானும் ஏறுறேன்” என்றார் அண்ணி. ஆக, பட்டு வேட்டியில் அண்ணன், பின்னால் சீர்த் தட்டோடு அண்ணி, முன்சீட்டில் குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி நான்.

முதலில் மலையடிவாரத்தில், அலிபிரியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார். முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

“இன்னாண்ணா?”

பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹோஸ் சேருகிற இடத்தை விரலால் தொட்டார், முகர்ந்தார், வெயிலில் காட்டிப் பார்த்தார். நானும் சீட்டிலிருந்தே எட்டிப் பார்த்தேன். ஈரம் இருக்கிறதென்றால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

“பெடல் கெட்டியாத்தான் இருக்கு. மெதுவா ஓட்டிக்கினு போய்டலாம்ணா” என்றேன்.

“நேரம் ஆவுது, வாங்க” என்றார் அண்ணி.

அவர் அண்ணியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் எறங்குங்க.”

“ஏங்க?”

“ரிஜெக்ட்.”

தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “ஏமைந்தி சார்?” என்று தெலுங்கில் விசாரித்தார்.

“பிரேக் பாகலேது. நேனே சேசினானு” என்றார் அண்ணன். பிரேக் சரியில்லை, செய்தது நான்தான் என்று அந்த மனிதர் தன் வாயால், அதுவும் நாலு பேர் காதில் விழ, சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, பஸ் மாறி பஸ் பிடித்து, சீர்த் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பாலசமுத்திரம் போய்ச் சேர்ந்தோம். நல்ல நேரம் முடிகிற தறுவாய். தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஜீப்பு ஜீப்புன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே, எங்கண்ணா உன் ஜீப்பு?”

அண்ணன் நேரே பின்பக்கம் போய் ஆயில் நாற்றம் போகிறவரை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். குழந்தை வீறிட்டது. இவர் கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை.

மறுநாள் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து, புது போல்ட், புது வாஷர் எல்லாம் போட்டார். “ரெண்டு பக்கமும் புது வாஷர் போடணும் பா. நானே கண்டுபுடிச்சேன்” என்று என்னிடமே வந்து சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹாரன் அடித்தது.

“ஏறு பா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்.”

சக்கரத்தடியில் குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.