பான் சாமி கோழிக் கொட்டகைக்குள் போன கதை

"ஏஞ்சாமி, இங்கிலீசு படிச்சுப்போட்டுக் கோழிகிட்டப் பேசப் போறியா?"

நான் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது பெரியப்பா கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். (அந்தத் திமிர் நடையிலேயே தெரியும் என்பாள் அம்மா.)

முதலாண்டு விடுமுறையில் நாமக்கல் பக்கத்திலுள்ள எங்கள் கோழிப்பண்ணைக்கு வந்திருந்தேன். கொட்டகை வாசலில், என்னை இரண்டாமாண்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அப்பா பெரியப்பாவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். படிப்பின் மகிமையை அங்கேயே நிரூபித்துவிட முடிவு செய்தேன்.

"பேனிக்குனா பீதிங்க பெரியப்பா. அந்த இங்கிலீசு வார்த்தை கிரேக்கத்துல இருந்து வந்துச்சுங்க. அங்க பான்னு ஒரு சாமி. ஆட்டுக்காலு, தலைல கொம்பு. காட்டுல ஒளிஞ்சிருந்து திடீர்னு கத்துவாராம். ஆட்டு மந்தை தெறிச்சு ஓடுமாம். அந்தப் பயத்துக்குத்தான் அவரு பேரு."

"சாமி எதுக்கு ஆட்டைப் பயமுறுத்தோணும்? வேற சோலி இல்லியா?" என்றார் பெரியப்பா.

இங்கே நான் வாயை மூடியிருக்கலாம். (மூடவில்லை.) "எப்படிக் கத்துவாருன்னா..." என்று கதவைத் திறந்து உள்ளே போனேன்.

முட்டைக்கோழி புது நிறத்தைக் கண்டாலே மிரளும். அதனால் அம்மா தினமும் ஒரே பழைய பச்சைச் சேலையில்தான் தீவனம் போடப் போவாள். கதவைத் திறக்குமுன் மெல்லக் குரல் கொடுப்பாள். நான் போனதோ கல்லூரிக்கென்று எடுத்த சிவப்புச் சேலையில். கொடுத்ததோ பான் சாமியின் குரல்.

ஐந்நூறு கோழிகளும் ஒரே மூலைக்குப் பறந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அடியில் சிக்குபவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, கோழிகளை அள்ளி அள்ளி வீசினார். பெரியப்பாவும் பின்னால் ஓடினார். உதவலாமென்று நானும் கிட்டே போனேன். சிவப்பைக் கண்டு அவை மறுபடி குவிந்தன.

"நீ மொதல்ல வெளிய போ சாமி!" என்று அப்பா அலறினார்.

நல்லவேளை, ஒன்றும் சாகவில்லை. ஆனால் ஒரு வாரம் பாதி முட்டைதான். அதிலும் பாதி ஓடில்லாத தோல்முட்டை. என் படிப்பு அதோடு சரி என்று புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன்.

எட்டாம் நாள் அப்பா கேட்டார்: "அந்தச் சாமி கத்துனா, மந்தையை அடக்கறதுக்கு என்ன பண்ணோணும்னு பொஸ்தகத்துல போட்டிருக்குதா?"

"தெரீலீங்கப்பா."

"பாதிப் படிப்புல வந்தா இப்படித்தான். போய் மிச்சத்தையும் படிச்சுப்போட்டு வா."

இன்றும் நான் பண்ணைக்கு வந்தால், "கோழிக்கெல்லாம் சொல்லிப்போடுங்க, பான் சாமி வருது" என்கிறார் பெரியப்பா. சொல்லட்டும். பி.ஏ. முழுவதையும் படித்து முடித்தேன். அடக்கும் வழி எந்தப் பக்கத்திலும் இல்லை. அதனால் சென்ற திங்கட்கிழமை சேலத்தில் எம்.ஏ. சேர்ந்துவிட்டேன்.