முதுகு காட்டாத ஆட்டம்

ஒரே ஒரு ஆற்றை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தது குடைநாடு. அந்த ஆற்றின் அக்கரையில் இருந்தது ஆழிநாடு. தண்ணீருக்காக இரண்டு நாடுகளும் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்தன. ஒரு கட்டத்தில் வெட்டுவதற்கு ஆள் குறைந்துபோகவே, இரு தரப்புப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். இனி யாரும் வாளைத் தொடுவதில்லை, ஆண்டுக்கு ஒரு முறை கூடைப்பந்து ஆடுவது, ஜெயித்த நாட்டின் பக்கம் மதகைத் திறப்பது, தோற்ற நாட்டுக்குக் கசிவு நீர் மட்டும் என்று உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். அன்று முதல் குடைநாடு ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

குடைநாட்டில் ஒரு மரபு உண்டு. மன்னருக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. மாமன்னர் விண்தாங்கிக்கோ ஆட்டத்தின் மேல் கொள்ளை ஆசை. நம் நாட்டுக் கூடையை நாமே காவல் காப்போம் என்று சொல்லி, அரியணையைக் கொண்டுவந்து அந்தக் கூடைக்கு நேர் பின்னால் போட்டுவிட்டார். ஆகவே குடைநாட்டு ஆட்டக்காரர்கள் எதிரியின் கூடையை நோக்கிப் பின்பக்கமாக ஓடினார்கள். தலைக்கு மேலாகப் பின்னால் பந்தை எறிந்தார்கள். எதிரி பந்தோடு வரும்போதும் மன்னரைப் பார்த்தபடியே நின்று, காலடிச் சத்தத்தை வைத்து அவனைத் தடுக்கப் பார்த்தார்கள். எதிரிக்கு முதுகு காட்டுவது மட்டும் வீரமா என்று ஒரு புலவர் கேட்டதற்கு, எதிரியைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்று அரசவை பதில் அளித்தது. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது அரியணையையும் சுமந்துபோய் மறுபக்கத்தில் வைத்தார்கள்.

தோல்விக்குக் காரணம் பயிற்சியாளரா, ஆட்டக்காரர்களா? குடைநாட்டில் இருந்த அரசியல் இவ்வளவுதான். பயிற்சியாளர் மேல் குற்றம் சொல்பவர்கள் தெருவின் ஒரு பக்கம் குடியிருந்தார்கள், ஆட்டக்காரர் மேல் குற்றம் சொல்பவர்கள் மறுபக்கம். ஒரு பக்கத்தில் சாவு விழுந்தால் மறுபக்கத்தில் பறை கேட்காதது போல இருந்துகொள்வார்கள். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து போகிற ஒரே இடம் கிணற்றடி. அங்கே இப்போது வாளிக்குச் சேறுதான் வந்துகொண்டிருந்தது.

பெரும்பயிற்சியாளர் மருதவாணனுக்கு இந்தச் சண்டையெல்லாம் பழகிப்போய்விட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. அதன் பெயர் காரி.

காரி அணியிலேயே உயரமான பையன். பின்னால் திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கூடைக்குள் போடுகிற வித்தை அவன் ஒருவனுக்குத்தான் கைவந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது மருதவாணன். கூடையில் மணி கட்டி, சத்தம் வந்த திசையில் எறியச் சொல்லி, அவன் கை வீங்க வீங்கப் பழக்கியதும் மருதவாணன்தான். அது யார் நினைவிலும் இல்லை. அணி படுதோல்வி அடைந்து திரும்பினாலும், காரி போட்ட அந்த ஒரு கூடைக்காக ஊர் அவனைத் தோளில் தூக்கியது. குழந்தைகள் அவனைப் போலப் பின்பக்கமாக நடந்து சாக்கடையில் விழுந்தன. சந்தையில் கீரைக்காரி காரிக்குக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு, மருதவாணனைப் பார்த்ததும் கீரை தீர்ந்துபோச்சு என்றாள். போதாக்குறைக்கு வீட்டில் மனைவி, பாவம் அந்தப் பிள்ளை தனியாளா எவ்வளவுதான் செய்யும் என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். மருதவாணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கூடை விழுந்தால் காரி, ஆட்டம் தோற்றால் நான், இது என்ன கணக்கு என்று அவர் வயிறு எரிந்தது.

அந்த ஆண்டும் தோற்றார்கள். தலைமை அமைச்சர் மங்கலக்கிழார் உடனே செயலில் இறங்கினார். முதலில், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைப் பயிற்சியாளரை நியமித்து, அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பைக் கிராமங்களுக்குக் கொடுத்தார். அடுத்து, ஆடுகளத்தில் புழுதி எழுந்து மன்னரின் பார்வையை மறைப்பதாகச் சொல்லி, ஊர்க்கிணறுகளில் மிச்சமிருந்த நீரை இறைத்துத் தெளிக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஜனங்கள் முணுமுணுத்ததால், குற்றவாளியை அவர்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை மன்னர் வழங்கினார். இரண்டு பானைகள் வைக்கப்படும். ஒன்று பயிற்சியாளருக்கு, ஒன்று ஆட்டக்காரர்களுக்கு. ஆளுக்கு ஒரு கூழாங்கல். யார் பானையில் கல் அதிகமோ அவர்கள் உப்பளத்துக்குக் கைதியாகப் போக வேண்டும்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் காரி மருதவாணன் வீட்டுக்கு வந்தான். கைகட்டி நின்றபடி பேசினான்.

"வாத்தியாரே, குத்தம் உங்க மேலயும் இல்ல, எங்க மேலயும் இல்ல. அந்த நாற்காலிய மட்டும் எடுத்து எதிர்ப்பக்கம் போட்டா போதும். ராசாவப் பாத்துக்கிட்டே ஆடலாம், கூடையும் கண்ணுக்குத் தெரியும்."

"அத யார் போய்ச் சொல்றது?"

"நான் ஒருத்தன் சொன்னா திமிருன்னுவாங்க. நீங்க ஒருத்தர் சொன்னா சாக்குன்னுவாங்க. ரெண்டு பேரும் சேந்து சொன்னா, எந்தப் பானையில கல்லப் போடுவாங்க? நாளைக்கு நான் ஆரம்பிக்கிறேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

மருதவாணனுக்கு இது தெரியாததல்ல. அவருக்கும் எத்தனையோ தடவை தோன்றியதுதான். தலையசைக்கப் போனார். அதற்குள் காரி வந்திருக்கிற செய்தி பரவி, வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மருதவாணன் எட்டிப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒருவன், "யோவ், கொஞ்சம் தள்ளு, காரி முகம் தெரியல" என்றான். தன் வீட்டு வாசலில் நின்ற மருதவாணன் தள்ளி நின்றார்.

அன்று படுத்தவர் புரண்டுகொண்டே யோசித்தார். நாற்காலியை மாற்றினால் ஜெயிப்போம், சரி. ஜெயித்தால் யாரைத் தூக்குவார்கள்? நாற்காலியைப் பற்றிச் சொன்ன தைரியசாலி என்று யாரைக் கொண்டாடுவார்கள்? தோற்பதை அவரால் தாங்க முடிந்தது. இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறார். காரி ஜெயிப்பதை நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

மறுநாள் சபையில் காரி எழுந்து, அரியணை இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு விண்ணப்பம் என்று தொடங்கினான். மன்னர் கண்ணை மூடிக்கொண்டார். மங்கலக்கிழார் தொண்டையைச் செருமினார்.

"அரியணையின் இருப்பிடம் ஆண்டவனால் தீர்மானிக்கப்பட்டது. எனினும் இது மக்கள் மன்றம். பெரும்பயிற்சியாளர் அவர்களே, இவ்விளைஞன் கூற்றில் உண்மை உண்டா?"

காரி மருதவாணனைப் பார்த்தான். சபை முழுவதும் மருதவாணனைப் பார்த்தது. வாழ்நாளில் முதல் முறையாக எல்லோரும் காரியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

"அரியணையில் ஒரு குறையும் இல்லை, மன்னவா. எறியத் தெரியாத கைகள்தான் குறை. நான் சொல்லிக்கொடுத்ததில் பாதியைக்கூட இவன் கற்றுக்கொள்ளவில்லை."

மன்னர் கண் திறந்து தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

வாக்களிப்பு தொடங்கியது. மன்னர் முன்னால் அமர்ந்திருக்க, பானைகள் வாக்காளருக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவரும் மன்னரை வணங்கியபடி கல்லைத் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார்கள். எந்தப் பானையில் விழுந்தது என்பது போட்டவருக்கே தெரியாது. வாக்கின் இரகசியம் இவ்வளவு பத்திரமாக இருக்கும் நாடு வேறெதுவும் இல்லை என்று மங்கலக்கிழார் பெருமைப்பட்டார். கற்களை அவரே எண்ணி, குற்றம் ஆட்டக்காரர்களுடையது என்று அறிவித்தார். காரியையும் மற்றவர்களையும் உப்பளத்துக்கு ஓட்டிப் போனார்கள். மருதவாணன் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். மனைவி பரிமாறிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறு ஆண்டு ஆட ஆளில்லை. துணைப் பயிற்சியாளர்களே களத்தில் இறங்கி, எதிரிகளோடும் தங்களுக்குள்ளும் மோதி விழுந்தார்கள். ஒரு கூடைகூட விழவில்லை. கசிவு நீரும் நின்றது. ஆட்டக்காரர் என்று யாரும் மிச்சமில்லாததால், கற்கள் இந்த முறை எல்லாம் பயிற்சியாளர் பானையிலேயே விழுந்திருந்தன. மருதவாணன் போட்டிருந்த மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரை உப்பளத்துக்கு அனுப்பினார்கள்.

உப்பளத்தில் அவர் முதலில் பார்த்தது ஒரு கூடை. அடி கிழிந்த உப்புக்கூடையைக் கம்பத்தில் கட்டி, அதன் முன்னால் நின்று காரி ஆடிக்கொண்டிருந்தான். முன்னால் பார்த்து ஆடினான். காவலர்களுக்கு யார் முதுகைப் பற்றியும் கவலையில்லை. எறிந்த பந்தெல்லாம் அலுங்காமல் உள்ளே இறங்கியது. தான் பழக்கிய கை இவ்வளவு செய்யும் என்று மருதவாணன் அப்போதுதான் கண்டார். காரி அவரைப் பார்த்துவிட்டு, தன் பங்குத் தண்ணீரில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"குடிங்க வாத்தியாரே. வெயில் பழகிடும்."

தண்ணீர் தித்தித்தது. மருதவாணனுக்கு எரிச்சல்தான் வந்தது. மன்னிப்பதிலும் இவன் முந்திக்கொண்டானே என்று இருந்தது.

அதற்கடுத்த ஆண்டும் தோற்றதும், பானைகள் இரண்டே இருப்பதுதான் கோளாறு என்று ஒருவழியாக ஜனங்களுக்கு உறைத்தது. மூன்றாவது பானை வேண்டும் என்று அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மன்னர் பெருந்தன்மையோடு இசைந்தார். ஜனங்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். தெருவின் இரண்டு பக்கத்தாரும் முதல் முறையாகச் சேர்ந்து அழுதார்கள். வாக்களித்து முடிந்த பிறகே மூன்றாவது பானையைத் திருப்பிக் காட்டினார்கள். கற்களால் நிரம்பியிருந்த அதில் 'பார்வையாளர்கள்' என்று எழுதியிருந்தது. உற்சாகமாகக் கூவாததே தோல்விக்குக் காரணம் என்பதை மக்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்டுவிட்டதாக மங்கலக்கிழார் மன்னருக்குத் தெரிவித்தார்.

மொத்த நாடும் உப்பளத்துக்கு வந்து சேர்ந்தது. சமவெளியில் அரண்மனைக் கோபுரம் வெகுதூரம்வரை தெரியும் என்பதால், மூட்டை முடிச்சுகளோடு, குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். வருகிற வழியெல்லாம் பழைய வாக்குவாதம்தான். அதில் இரண்டு பேர் மருதவாணன் மேல் முதுகால் மோதி நின்றார்கள். நிற்பது யார் என்று திரும்பிப் பார்க்காமலே ஒருவன் கேட்டான்.

"ஐயா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. இத்தனைக்கும் காரணம் அந்தப் பயிற்சியாளரா, ஆட்டக்காரனுங்களா?"

கோபுரம் மருதவாணனின் கண்ணெதிரே தெரிந்தது. உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ கம்பத்துப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். 'காரி! காரி!' என்று சத்தம் எழுந்து உப்பளமெங்கும் பரவியது.

மருதவாணன் வாயை மூடினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஆட்டக்காரனுங்கதான். அதுலயும் அந்த உயரமா ஒருத்தன் இருந்தானே, அவன்."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒருவன் மற்றவனை இடித்தான். இருவரும் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, பின்னால் பார்க்காமல் உப்புப் பாத்திக்குள் இறங்கினார்கள்.