முழங்காலுக்குள் ஓர் அரிசி

"சொல்லிட்டீங்களா டாக்டர்?"

நர்ஸ் நாகஜோதி காலையிலிருந்து ஐந்தாவது முறையாகக் கேட்டாள். எலும்பு டாக்டர் பிராங்க்ளின் ஐந்தாவது முறையாகத் தொண்டையைச் செருமினான்.

விஷயம் அரிசி அளவுதான். நேற்று, எரியோட்டிலிருந்து வந்த தக்காளித் தோட்டக்காரி மாயம்மாளுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். எலும்பில் அவன் துளை போடும்போது டிரில்லின் நுனி 'டக்'கென்று ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

"தோண்டி எடுத்தா எலும்புதான் கெடும். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பெரிய டாக்டர். "ஆனா அந்த அம்மாட்ட நீயே உண்மையைச் சொல்லிரணும். நாளைக்குச் சாயங்காலம் வந்து கேப்பேன்."

பிராங்க்ளின் திண்டுக்கல்லுக்கு வேலைக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. நாற்பத்தொன்றாவது நாள் என்று ஒன்று இருக்குமா என்பதுதான் அவன் கவலை.

வெறுங்கையோடு போய் எப்படிச் சொல்வது? இரண்டு கிலோ ஆயக்குடிக் கொய்யாவோடு வார்டுக்குள் நுழைந்தான்.

"எதுக்கு அப்பு இதெல்லாம்?" என்று பதறினாள் மாயம்மாள். பக்கத்தில் மகன் சோலைமுத்து, மருமகள் தமிழ்மதி. தட்டில் இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது.

"சாப்பிடலையாம்மா?"

"எறங்க மாட்டேங்குது."

இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"இனிமே எது ஆசையோ அதைச் சாப்பிடுங்கம்மா. ஒரு தடையும் இல்ல."

மூன்று முகங்களும் இருண்டன.

வராந்தாவில் நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டர், நம்ம ஊர்ல அதைக் கைவிட்ட கேசுக்குத்தான் சொல்வாங்க. போயி மாத்திச் சொல்லுங்க!"

ஓடினான். "அம்மா, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல! கால் நூறு வருஷம் உழைக்கும். நாளைக்கு நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீங்க நடக்கணும்!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. மாயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சோலைமுத்து செல்போனோடு வெளியே போய்ப் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"ஏலே, எல்லாரையும் வேன்ல ஏத்திட்டு வா. டாக்டர் பேச்சே சரியில்ல!"

பிராங்க்ளின் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். நாகஜோதி கதவைத் தட்டித் தட்டி அவனை வெளியே வரவழைத்தபோது வேன் வந்துவிட்டிருந்தது. பதினாறு பேர். ஒன்பது மீசை. தோட்டத்திலிருந்து அப்படியே ஏறி வந்த ஒருவர் கையில் மம்பட்டி.

பின்னாலேயே பெரிய டாக்டரும் வந்தார். "என்னப்பா, சொல்லியாச்சா?"

பிராங்க்ளின் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அம்மா, டிரில் நுனி ஒடிஞ்சு உங்க எலும்புக்குள்ள இருக்கு. அரிசி அளவு. ஒண்ணும் பண்ணாது. என் கையிலதான் நடந்துச்சு. மன்னிச்சிருங்க!"

அடி விழவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். மம்பட்டிக்காரர் உட்பட பதினாறு பேரும் அவனைத் தாண்டிப் போய், பெரிய டாக்டரைச் சூழ்ந்து நின்றிருந்தார்கள்.

தமிழ்மதி கைகூப்பினாள். "ஆபரேஷன் அப்ப அத்தைக்கு இடுப்புக்குக் கீழதான் மரத்துச்சு, காது நல்லாத்தான் இருந்துச்சு சார், 'மாதாவே, என் வேலை போச்சே'ன்னு இந்த டாக்டர் அழுததைக் கேட்டதுலருந்து அவங்களுக்குச் சோறு எறங்கல, தயவுபண்ணி இவரை வேலையை விட்டு எடுத்துராதீங்கன்னு கேக்கத்தான் ஊரோட வந்துருக்கோம்!"