முன்வரிசை நாற்காலி தொடர்பாக

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். என் கன்னம், தாடை, இடது முன்னங்கை நீங்கலாக. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், உங்கள் முழங்கால் வலியும் போன வாரத்தைவிடக் குறைந்திருக்கும் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் தங்கை வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் நான் போனில் பேசுவது அவளுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் குடும்பம் மொத்தமும் கூடிப் படம் எடுக்கப்போகிறோம் என்று நீங்கள் சொன்னதை அவளிடம் சொன்னேன். அடுத்த நொடியே, "நான் எப்பவும்போல உங்களுக்குப் பின்னாடி நின்னுக்கிறேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பரணில் இருந்த ஆல்பங்களை இறக்கிப் பார்த்தேன். கல்யாணப் படத்தை விட்டுவிட்டால் இந்த முப்பத்தோரு வருடத்தில் மொத்தம் பதினொரு குடும்பப் படங்கள். பதினொன்றிலும் அவள் எனக்குப் பின்னால்தான். என் காதுக்கு அந்தப் பக்கம் ஒரு கண், ஒரு புருவம், கொஞ்சம் தலைமுடி, அவ்வளவுதான் உங்கள் தங்கை. இடது கன்னம் ஒன்றிலும் இல்லை. இடது கன்னத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரல் நகம் அகலத்துக்குக் கறுத்த அந்தத் தழும்பு உங்கள் சைக்கிள் கொடுத்தது. நான் உங்களைக் குறை சொல்லவில்லை, அப்போது உங்களுக்குப் பத்து வயது, சைக்கிளுக்குப் பிரேக் வேறு கிடையாது என்று கேள்வி. இருந்தாலும் ஓட்டியவர் என்ற முறையில் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே போகிறேன். ஏன் பின்னால் நிற்கிறாய் என்று அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். சில கேள்விகளை மனைவியிடம் கேட்கக் கூடாது என்று கற்றுக்கொள்ளவே எனக்குப் பத்து வருடம் ஆனது. அதனால் கேட்கவில்லை. இந்தப் பன்னிரண்டாவது படத்திலாவது அவள் முன்வரிசையில், நடுவில், முழு முகத்தோடு உட்கார வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தழும்பை மறைக்க ஃபவுண்டேஷன் என்று ஒன்று இருக்கிறது, நிறம் மட்டும் சரியாக அமைந்துவிட்டால் பூசியதே தெரியாது என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். நிறம் அமைய வேண்டும், அவ்வளவுதானே? முப்பத்திநாலு வருடம் பெயிண்ட் கடையில் நிறம் கலந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? வாடிக்கையாளர்கள் சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதே நிறத்தை டப்பாவில் அடைத்துக் கொடுப்பேன். இங்கே சில்லு பெயர்க்க வழியில்லை என்பதால், நேற்று மதியம் அவள் படுத்திருந்த நேரத்தில் ஷேடு கார்டை விசிறியாக விரித்துக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து, என்ன தேடுகிறீர்கள் என்றாள். கொசு என்றேன். கொசுவுக்கு எதற்கு அட்டை என்றாள். அடிக்க என்றேன். அடிக்கிறதென்றால் சீக்கிரம் அடியுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. 'மாலை மணல்' இரண்டு பங்கு, 'ஈரச் செங்கல்' ஒரு பங்கு. இந்தப் பெயர்களை மட்டும் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்று காலை ஒரு பெரிய கடைக்குப் போனேன். கீழ்த்தளம் முழுக்க வாசனை, கண்ணாடி, அலங்காரப் பொருள் கவுன்ட்டர்கள். முதல் கவுன்ட்டரில் இருந்த பெண் நல்ல பெண்தான். யாருக்கு என்றாள், மனைவிக்கு என்று சொல்லி அட்டையைக் காட்டினேன். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஒரு குப்பியை எடுத்து வைத்து, "இது ரெண்டு ஷேடு வெளுப்பா இருக்கும் சார், எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றாள். மச்சான், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெள்ளையைக் கூட்டினால் எந்தத் தப்பும் மறைந்துவிடும் என்பது சோம்பேறிக் கலப்பாளன் செய்கிற வேலை. கடையில் ஒருவனை அதற்காகவே நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். முப்பத்தோரு வருடமாக எனக்குப் பிடித்த நிறம் அது, அதில் ஒரு சொட்டு மாறக் கூடாது, எனக்கு அதே நிறம் வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பக்கத்துக் கவுன்ட்டரில் உதட்டுச் சாயம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இரண்டாவது கவுன்ட்டரில் கறுப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞர், இடுப்பில் தூரிகைப் பட்டை. தூரிகையைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தோலின் அடிநிறம் என்ன சார் என்று கேட்டார். மஞ்சள் தூக்கல், கொஞ்சம் காவி, கறுப்பு ஊசிமுனை அளவு என்றேன். மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். பிரைமர், முதல் பூச்சு, காய்ந்த பிறகு பளபளப்பா மங்கலா என்று எங்கள் தொழில் பேச்சே அங்கேயும் நடக்கிறது, நான்தான் இத்தனை வருடமாகத் தப்பான கடையில் இருந்துவிட்டேனோ என்று தோன்றியது. ஆளுக்கொரு குப்பியாகத் திறந்தோம். என் கன்னத்தில் ஆறு கோடு, தாடையில் மூன்று, இடம் போதாமல் முன்னங்கையில் ஐந்து. எது எந்தக் குப்பி என்று குழம்பிவிடக் கூடாதே, தொழில் பழக்கத்தில், டப்பாவுக்கு எண் போடும் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒன்று முதல் பதினான்கு வரை எழுதிக்கொண்டேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். ஆகவே இருபது நிமிடம் அசையாமல் நின்றேன். பின்னால் வரிசை நீண்டது, நான் நகரவில்லை.

ஆனால் கண்ணாடியைச் சுற்றி எரிந்த பல்புகள் மஞ்சள். மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான். சூரிய வெளிச்சம் வேண்டும் என்று ஒன்பதாம் எண், பதினோராம் எண் குப்பிகளோடு வாசலை நோக்கி நடந்தேன். வாசலில் நிறுத்தியிருந்த கருவி ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தியது. காவலுக்கு நின்ற அம்மா, வயது ஐம்பது இருக்கும், குறுக்கே வந்து கையை நீட்டினார். வாசல் வெயில் அவர் முகத்தில் விழுந்தது. மச்சான், நான் அப்படியே நின்றுவிட்டேன். மாலை மணல் இரண்டு, ஈரச் செங்கல் ஒன்று. அச்சு அசல் உங்கள் தங்கையின் கன்னம். குப்பிகளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, உங்கள் கன்னத்தில் ஒரு கோடு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

அந்த அம்மா என் முகத்தில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார். "இருபது வருசமா இந்த வாசல்ல நிக்கிறேன். எல்லாரும் பையைத் திறந்து காட்டுவாங்க, கன்னத்தைக் காட்டச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார். அதற்குள் கறுப்புச் சட்டைக்காரர் ஓடி வந்து நான் திருடன் இல்லை, தொழில்காரர் என்று சாட்சி சொன்னார். ஒன்பதாம் எண் இரண்டு பங்கு, பதினோராம் எண் ஒரு பங்கு, அவரே கலந்து அந்த அம்மாவின் கன்னத்தில் தடவினார். வெயிலில் காய விட்டோம். காய்ந்தது. தடவின இடம் எங்கே என்று தடவினவருக்கே தெரியவில்லை. என் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. யாருக்கு, எதற்கு என்று அந்த அம்மா கேட்டார், சொன்னேன். "வீட்டம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். என் பையை ஒருமுறைக்கு இரண்டு முறை சோதித்து அனுப்பினார்.

ஆகையால் மச்சான், குப்பி தயார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில், நட்டநடுவில், கைவைத்த நல்ல நாற்காலி ஒன்று உங்கள் தங்கைக்காகப் போட்டு வையுங்கள். சைக்கிள் ஓட்டியவர் பின்வரிசையில் நின்றுகொள்வதுதான் முறை. அதுவரை அவளிடம் மூச்சு விட வேண்டாம். அவள் மறுத்தாலும் நான் விடுவதாக இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, படத்தன்று அசையாமல் நிற்கச் சொல்லவும். உங்கள் முழங்காலுக்கும் என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை வந்துவிட்டாள். தாடையில் ஏன் ஒன்பது என்று எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் கடிதத்தை எடுத்து, நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். சிரித்துச் சிரித்து அவளால் உட்காரவே முடியவில்லை. சைக்கிளை ஓட்டியது அவள்தானாம், நீங்கள் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தீர்களாம். ஆகவே உங்களைப் பற்றி எழுதியதை எல்லாம் திரும்பப் பெறுகிறேன். தழும்பு இருப்பதே அவளுக்கு ஞாபகம் இல்லையாம். பிறகு ஆல்பத்தை என் மடியில் வைத்து, "என்னைத் தேடினது போதும், உங்க கண்ணைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். அவள் எனக்குப் பக்கத்தில் நின்றது கல்யாணப் படத்தில் மட்டும்தான், அதில் என் கண் இரண்டும் மூடியிருக்கிறது. மற்ற பதினொன்றிலும் அகலத் திறந்திருக்கிறது. "ஒவ்வொரு தடவையும் பின்னாடி நின்னு முதுகுல கிள்ளுறது யாருன்னு நினைச்சீங்க?" என்றாள். கேமரா வெளிச்சத்தில் உடம்பு தூக்கிப்போடுகிறது என்றே இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன்.

முகத்தில் எண் போட்ட டப்பாப் பேனா மை எதற்கும் போகவில்லை. எண்ணெய், சோப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதனால் இப்போது உங்கள் தங்கை என்னை உட்காரவைத்து, வாங்கி வந்ததை என் முகத்திலேயே பூசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் நிறம் எனக்கு ஒத்துவரவில்லை, இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அப்படியே வருகிறேன். கைவைத்த நாற்காலி வேண்டாம். அவளுக்கு முன்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், முதுகுச் சாய்வு இல்லாததாகப் பார்த்து.