வைரஸுக்கும் ஊர் சொன்ன மூக்கு

உலகத்து விஞ்ஞானிகள் இன்னும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு, உக்குவளை என்ற சின்ன ஊரில் ஒரு மனிதர் தேநீர் ஆறுவதற்குள் விடை கண்டுபிடித்தார். அவரை மூக்கண்ணன் என்போம். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

ஹாஜியாரின் வாசனைச் சரக்குக் கடையில் நான் மூட்டை நிறுப்பவன். மூக்கண்ணன் தரம் பார்ப்பவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பிடி கராம்பை மோந்து, "இது ரத்தோட்டை மேல்பக்கம். காயப்போட்ட அன்னைக்கு மழை" என்பார். சரியாகத்தான் இருக்கும். அந்தத் திமிரில்தான், கொரோனா வந்ததும் அதற்கும் ஊர் சொல்லக் கிளம்பினார்.

"ஆராய்ச்சி லெப்ல செஞ்சதுதாங்க ஹாஜியார். இயற்கையான சரக்குக்கு ஒரு பதம் இருக்கும். இதுல அது இல்ல."

"நீங்க மோந்து பாத்தீங்களோ? மிருகத்துல இருந்து வந்திருக்கும் எண்டும் சொல்றாங்களே" என்றார் ஹாஜியார்.

"சொல்றவங்க ஒரு மிளகு மூட்டையாவது அவுத்துப் பாத்திருக்காங்களா?"

மிளகுக்கும் வைரஸுக்கும் என்ன உறவு என்று கேட்டால் முறைப்பார். அடுத்த வாரமே வௌவால் கட்சிக்குத் தாவினார். அதற்கடுத்த வாரம், அந்த வௌவாலையே லெப்பில்தான் செய்தார்கள் என்றார். கட்சி மாறும்போதெல்லாம் பழைய கட்சிக்காரர்களை முட்டாள்கள் என்று திட்டுவார். போன வாரம் அங்கே இருந்தவர் தாமே என்ற வெட்கமெல்லாம் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். ஊரே வரிசையில் நின்றது. அவர் மட்டும் கடை வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முப்பது வருஷமா மிளகுத் தூசியிலயே குளிக்கிறேன். எதிர்ப்புச் சக்தி உடம்போட ஊறிப் போச்சு. வைரஸ் என் மூக்கு வாசல்லயே தும்மிட்டு ஓடிரும்."

தும்மியது அவர்தான். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்து வந்தவர், "வந்துட்டுப் போச்சுல்ல? இதுதான் இயற்கையான எதிர்ப்புச் சக்தி" என்று நெஞ்சை நிமிர்த்தினார். நோயை வாசலிலேயே விரட்டுவதாக இருந்த சக்தி, நோய் வந்து போன பிறகு வந்து சேர்ந்திருக்கிறதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானம் ஒரு கராம்பு மூட்டை வந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடி மோந்து, "முதல் தரம்" என்றார். நிறுக்கப் போன நான் ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் எடுத்துச் சுருங்கிப்போன வெறும் சக்கை. வாசம் துளியும் இல்லை. கண்ணைத் திறந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு, நன்றாக நாலு கேட்கலாம் என்று பின்கட்டுக்குப் போனேன். அவர் கறுவாப்பட்டையை ஒடித்து ஒடித்து மோந்துகொண்டிருந்தார். கண்ணெல்லாம் நீர்.

"ஒண்ணுமே தெரியல தம்பி. இந்த மூக்கு போச்சுன்னா என்னைய யாரு வேலைக்கு வச்சிருப்பா? ஹாஜியார்கிட்ட சொல்லிராதப்பா."

சொல்லவில்லை. அன்றிலிருந்து மூட்டையை நான் முதலில் மோந்துவிடுவேன். நல்ல சரக்கு என்றால் ஒருமுறை இருமுவேன். மட்டம் என்றால் இரண்டு முறை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தாமே கண்டதுபோலத் தீர்ப்புச் சொல்வார். கொரோனாக் காலத்தில் இப்படி இருமினால் என்ன ஆகும்? என்னைக் கண்டாலே ஊர் விலகி நடந்தது.

ஒருநாள் ஹாஜியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க. ஆனா இருமல மட்டும் நிப்பாட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மாதம் ஓடியது. ஒரு காலை, நெரிசல் பஸ்ஸில் நசுங்கி வந்த நான் மூட்டை அவிழ்க்கக் குனிந்தேன். மூக்கண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"தள்ளி நில்லுப்பா! குளிச்சியா இல்லையா? நாறுது!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நொடிதான். பிறகு அவர் கராம்பை அள்ளி மோந்து, "பாத்தியா? எல்லாம் இயற்கைச் சக்தி!" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஆமாண்ணே" என்றேன். அவரோடு நான் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான். அடுத்த மூட்டையை அவிழ்த்தேன்; இருமவில்லை.