வெயில்நாட்டில் பனி விழலாமா, சித்தப்பா?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்திக்குக்கூட வேண்டாம். சித்திக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படிப்பார். அதனால்தான் எல்லாரும் படுத்த பிறகு, போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. உங்கள் நலமும் சித்தி நலமும் அறிய ஆவல். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் செய்கிற கம்ப்யூட்டர் ராஜ்ஜிய விளையாட்டை, கடைக்கு வருவதற்கு முன்னால் ஆடிப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்று எங்களுக்கு அனுப்பினீர்கள் அல்லவா? அண்ணன் வடக்கே பனிமலை நாட்டை எடுத்துக்கொண்டான். நான் தெற்கே வெயில்நாட்டை எடுத்தேன். பேரீச்சந்தோப்பு, ஒட்டகப் படை, தீ கக்கும் பல்லிகள், அழகான துறைமுகம் என்று எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வந்தது பந்தயம். கம்ப்யூட்டர் என் அறையில் இருக்கிறது. அண்ணன் ஹாலில் படுத்துக்கொண்டு போனில் ஆடுகிறான். "ஃபிரிட்ஜ் ராத்திரி பூரா முனகுது, எனக்கு அந்த ரூம் வேணும்" என்று சாப்பிடும்போது ஆரம்பித்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "முடிஞ்சா என் கோட்டையைப் பிடிச்சுட்டு ரூமை எடுத்துக்கோடா" என்றேன். அப்பா உடனே, "பேச்சுன்னா பேச்சு. மாசக் கடைசிக்குள்ள கோட்டை விழுந்தா ரூம் அவனுக்கு. நீ அத்தையோட படுத்துக்கோ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தையின் குறட்டை உங்களுக்குத் தெரியாததா? போன தடவை வந்தபோது நீங்களே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினீர்கள். அத்தையோ, "நான் எங்கடி குறட்டை விடறேன்? எனக்குத் தூக்கமே வர்றதில்ல" என்கிறார்.

பந்தயம் கட்டின மறுநாளே நீங்கள் புது விதி அனுப்பினீர்கள். குளிர்காலம்! வடக்கு, தெற்கு என்று பார்க்காமல் வரைபடம் முழுக்க ஒரே பனி. விழுந்தது பனி, பிடித்தது சனி. பேரீச்ச மரங்கள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு காய்ப்பதை நிறுத்திவிட்டன, ஒட்டகங்கள் வழுக்கி விழுந்து எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன, பல்லிகளுக்குத் தீ வருவதில்லை, வாயைத் திறந்தால் கொஞ்சம் புகை வருகிறது, அப்புறம் தும்மல் வருகிறது, மக்கள் கம்பளி கேட்டு அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், கம்பளிக்கு ஆடு வேண்டும், ஆடு அண்ணன் நாட்டில்தான் இருக்கு, அவன் ஒரு கம்பளிக்கு ஒரு ஒட்டகம் கேக்கறான், அழுதுகொண்டே கொடுத்தேன், கம்பளி வந்தது, போர்த்திக்கொண்டு படுத்த மக்கள் அதற்கப்புறம் வேலைக்கே எழுந்திருக்கவில்லை.

"என்ன மகாராணி, பல்லு தந்தியடிக்குதா?" என்கிறான் அண்ணன்.

"வெயில்நாட்டுல பனி விழறது அநியாயம்டா!"

"சித்தப்பா வெச்சதுதான் சட்டம். குச்சி, இன்னைலேர்ந்தே அத்தைக்குப் பக்கத்துல பாய் போட்டுப் பழகிக்கோ."

குச்சி என்று என்னைக் கூப்பிட வேண்டாம் என்று நீங்களாவது சொல்லக்கூடாதா?

சித்தப்பா, வெயில் ஊரில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று நம் வீட்டைப் பார்த்தாலே தெரியாதா? ஐந்தில் ஓடுகிற ஃபேனை மூன்றில் வைப்போம். அப்பா காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்காரரிடம், "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி" என்பார். போன வருஷமும் அதையேதான் சொன்னார். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறையும். எல்லாருக்கும் மூக்கு ஒழுகும். மத்தியானம் மறுபடியும் வியர்க்கும். அவ்வளவுதான்! அதை அப்படியே விளையாட்டில் வையுங்கள். வெயில்நாட்டில் குளிர்காலம் வந்தால் விளைச்சல் கூட வேண்டும், ஏனென்றால் மனிதர் வெளியே நின்று வேலை செய்ய முடிவதே அப்போதுதான். படை நடுப்பகலிலும் நடக்கலாம். பனி மலை உச்சியில் மட்டும் விழட்டும், மணலுக்கு மழை போதும். வேண்டுமானால் பாதிப் படைக்கு ஜலதோஷம் கொடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வடக்கே பனி விழுந்தால் தெற்கே விருந்தாளி வந்து விழ வேண்டும். வியாபாரிகள், பறவைகள், மூட்டுவலிக்காரர்கள் எல்லாரும் வரட்டும். அவர்களை வைத்து நான் பிழைத்துக்கொள்வேன்.

விதி எழுதுகிறவருக்கே ரகசியமாக எழுதுவது தப்பு என்று எனக்குத் தெரியும். அண்ணன் கண்டுபிடித்தால் "கள்ளாட்டம்" என்று கத்தி, நான் தோற்றதாகவே ஆக்கிவிடுவான். அதனால் வெளியே சத்தம் கேட்டாலே டார்ச்சை அணைத்துவிடுகிறேன். இதுவரை இரண்டு தடவை அணைத்தேன். இரண்டு தடவையும் ஃபிரிட்ஜ்தான். ஆனால் வேறு வழியில்லை. இன்று சாயங்காலம் அவன் கப்பற்படை என் துறைமுகத்தை நெருங்கிவிட்டது. இறங்கி முற்றுகையிட்டால் கோட்டை ஒரு வாரம்கூடத் தாங்காது. கடிதம் கிடைத்த கையோடு விதியை மாற்றிவிடுங்கள்.

சித்திக்கு என் அன்பு. குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன், கை எட்டாததால் மனதால்.

இப்படிக்கு,
தூக்கம் பறிபோகவிருக்கும் உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். ஆட்டத்தில் அடுத்த நாள் விடிந்திருக்கிறது. சித்தப்பா, கடல் உறைஞ்சு போச்சு! அண்ணனுடைய கப்பல்கள் எல்லாம் கரைக்குக் கொஞ்சம் முன்னால் குத்துக்கல் மாதிரி நிற்கின்றன. சாப்பாடு தீர்ந்துபோய் அவன் வீரர்கள் பனிமேல் நடந்துவந்து, ஆயுதங்களை என் கோட்டை வாசலில் வைத்துவிட்டு, சூடாகக் குடிக்க ஏதாவது கிடைக்குமா என்று வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கற்பனை உலகத்தில் பனி எங்கே வேண்டுமானாலும் விழும், அதைத் தடுக்க நாம் யார்? மாசக் கடைசி வரை ஒரு பொட்டுக்கூடக் குறைக்காதீர்கள். முடிந்தால் இன்னும் கொஞ்சம்

ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள். அண்ணன்தான். "குச்சி, முழிச்சிருக்கியா? ஒரு பேனாவும் பேப்பரும் குடு. வெயில் அடிக்கிற நாட்டுல எங்கயாவது கடல் உறையுமா? சித்தப்பாவுக்கு இப்பவே ஒரு லெட்டர் எழுதணும், நீ யார்கிட்டயும் சொல்ல