சாவி மாற்றும் வைபவம்

உலகில் கோட்டை கட்டியவர்கள் பலர். ஆனால், சொந்தக்காரனே உள்ளே போக முடியாத கோட்டையைக் கட்டிய பெருமை எங்கள் நிறுவனம் ஒன்றையே சேரும். அங்கே கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கும் பாக்கியம் பெற்றவன் நான். ஆகவே, கீழே வருவது அத்தனையும் அதிகாரபூர்வமானது.

ஆஸ்பத்திரிகளின் மருந்து அலமாரிகளைத் திறந்து மூடும் மென்பொருள் எங்களுடையது. அது மூன்று 'கிளஸ்டர்'களில் ஓடுகிறது. கிளஸ்டர் என்பது, கன்டெய்னர் என்னும் டப்பாக்களில் அடைத்த நிரல்கள் ஒன்றாக வாழும் கூட்டுக்குடும்பம். கூட்டுக்குடும்பம் என்பதால் பேச்சுவார்த்தை குறைவு. முதல் கிளஸ்டர் ஒரு ரகசியச் சாவியால் முத்திரையிட்டு டோக்கன் என்னும் அனுமதிச் சீட்டைத் தரும். மற்ற இரண்டும் அதே சாவியை வைத்து முத்திரையைச் சரிபார்த்து அலமாரியைத் திறக்கும். மிகவும் எளிமையான ஏற்பாடு, அன்று காலை வரை.

அன்று காலை மூன்றாவது கிளஸ்டர், வந்த டோக்கனை எல்லாம் 'செல்லாது' என்று திருப்பி அனுப்பத் தொடங்கியது. உடனே கண்ணாடி அறையில் அவசரக் கூட்டம் கூடியது. முதலில் பிஸ்கட் வந்தது, பிறகு பாதுகாப்புத் தலைவர் வந்தார். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'பூட்டு'. அன்போடு வைத்தது என்றுதான் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது கிளஸ்டரின் பொறியாளர் எழுந்தார். "சார், நேத்து சாவியை மாத்தினீங்க. ரெண்டாவதுக்கு மட்டும் சொன்னீங்க. மூணாவது இன்னும் பழைய சாவியை வச்சுத்தான் பாக்குது."

"ரெண்டாவதுக்குச் சொன்னதுக்கே எனக்குத் தூக்கம் வரல. எல்லாருக்கும் சொன்னா அது சாவியாம்மா?" என்றார் பூட்டு.

அறை மெய்சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து என் அக்கா போன் செய்தாள். அத்தானுக்கு மாரடைப்பு, அப்போதுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"டேய், ஊசி மருந்து கண்ணாடிக்குள்ள கண்ணுக்குத் தெரியுதுடா. அலமாரிதான் திறக்க மாட்டேங்குது. 'அனுமதி இல்லை'ன்னு வருது. கீழ உங்க கம்பெனி பேரு போட்டிருக்கு. ஏதாவது பண்ணுடா!"

குறிப்பெடுப்பவன் வாய் திறக்கக்கூடாது என்ற சபை மரபை மறந்து எழுந்துவிட்டேன்.

"சார், அந்தச் சாவியை மூணாவதுக்கும் குடுத்துடுங்க சார். அங்க ஆஸ்பத்திரியில கிடக்கறது எங்க அத்தான்!"

பூட்டு கனிவே உருவானார். "தாராளமா குடுக்கலாம்பா. மூணாவது கிளஸ்டருக்குள்ள போயி, ஒரு கோரிக்கை பதிவு பண்ணு."

"உள்ள போகத்தானே சார் முடியல?"

"அப்போ கோரிக்கையே வரலையே!"

பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பூட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். "இந்தச் சாவி ரொம்பப் பேரு வாயில அடிபடுது. ஆபத்து. மறுபடியும் மாத்திடுவோம்" என்று மௌஸைத் தட்டினார். இம்முறை யாருக்கும் சொல்லவில்லை. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது கிளஸ்டரும் படுத்துவிட்டது.

"இப்போ ரெண்டும் ஒரே மாதிரி நடந்துக்குது. கோளாறு சரியாயிடுச்சு" என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. அதையும் குறித்துக்கொள்ளும்படி சைகை செய்தார். எனக்குப் பேனா ஓடவில்லை.

மறுபடியும் அக்கா. எடுக்கவே பயமாக இருந்தது; ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய்... மருந்து குடுக்கறவரு பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக் கண்ணாடியில ஒரே போடு! ஊசி போட்டாச்சு. உங்க அத்தான் கண்ணைத் திறந்துட்டாரு."

எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். பூட்டின் முகமோ கறுத்துப்போயிற்று.

"உடைச்சாரா? யாரு அனுமதி குடுத்தா?"

கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது: இது எங்கள் நிறுவன வரலாற்றின் முதல் 'பாதுகாப்பு மீறல்', அந்த மருந்தாளர் மீது உடனே புகார் அனுப்பப்பட வேண்டும். எழுதும் பொறுப்பு வழக்கம்போல் எனக்கே வந்தது.

"மீறல் நடந்ததுக்கு ஆதாரம்னு என்ன சார் எழுத?" என்று கேட்டேன்.

"நடந்ததை எழுதுப்பா. நம்மகிட்ட ஒளிவுமறைவு கிடையாது."

எழுதினேன்: 'நோயாளி உயிரோடு இருக்கிறார்.'